ஆகஸ்ட் லீவுக்கு குடும்பத்தோட மலைநாட்டு வீட்டில தங்குறது: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எங்கட பெரியப்பா பதுளைப் பக்கம் படிப்பிச்ச காலத்தில தியத்தலாவைக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு வாங்கினவர். பென்ஷன் எடுத்துட்டு களுவாஞ்சிக்குடிக்கு வந்தாப் பிறகும் அதை விக்கல்ல. ஆகஸ்ட் லீவு வந்தா அம்மம்மா, அம்மாட சகோதரிமார், அவங்கட புள்ளைகள், பேரப்புள்ளைகள், கனடா லண்டன்ல இருந்து வாற ஆக்கள் எண்டு எல்லாரும் அங்கதான். ஒழுங்கு பண்ற வேலை என்ட தலையில இருக்கிறதால சொந்தக்காரர், கூட வேலை செய்ற ஆக்கள், ஊர் ஆக்கள் எண்டு எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதுறன். சொந்த வீடு இல்லாம முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்துட்டுப் போற ஆக்களுக்கும் இது பொருந்தும்.

ஏப்ரல் தானே மலைநாட்டு சீசன், நீங்க ஏன் ஆகஸ்ட்ல போறீங்க?

ஏப்ரல் நுவரெலியாவுக்கு சீசன், கொழும்பு முழுக்க அங்கதான் நிக்கும், வீட்டு வாடகை ஏறும், ரோட்டில வேன் நகராது. புத்தாண்டுக்கு நமக்கு ஊரில கைவிசேஷம், கோயில், சொந்தக்காரர் வீடு எண்டு வேலையும் இருக்கு. ஆகஸ்ட்தான் எங்களுக்கு வெக்கை தாங்க ஏலாத மாதம். கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா காலையில போட்ட உடுப்பு பத்து மணிக்கு அப்பளம் மாதிரி காஞ்சு நிக்கும், வயசான ஆக்களுக்கு தொண்டை வரளும், சின்னப் புள்ளைகளுக்கு வேர்க்குரு, ராவில ஃபேன் போட்டாலும் சூட்டுக் காத்துத்தான்.

இந்தக் கச்சான் எங்க இருந்து வருது எண்டு விளங்கினா எங்க போறது எண்ட கேள்விக்கும் பதில் வந்திடும். தென்மேல் பருவக்காத்து கடல்ல இருந்து ஈரத்தோட வந்து மலையிட மேற்குப் பக்கத்தில ஏறுது, ஏறக்குள்ள குளிர்ந்து மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிருது, மறுகா ஈரம் போன காத்து மலையைத் தாண்டி கிழக்கால இறங்குது. இறங்க இறங்க காத்து அமுங்கி சூடாகும், அந்தச் சூடுதான் நம்மட வளவுக்குள்ள வாற கச்சான். அதே காத்து போற வழியில பதுளைப் பக்கத்து ஊவா மலையிலயும் அடிக்குது, ஆனா அந்த உயரத்தில அது சூடில்ல, காஞ்ச காத்து மட்டும்தான். யூலை தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் ஊவா தேயிலைக்கு உலகத்தில நல்ல விலை போற வாசம் வாறதும் இந்தக் காத்தாலதான், கொழுந்து தண்ணி குறைஞ்சு இறுகி அந்த வாசத்தைப் பிடிக்குது. நம்மள வாட்டுற காத்து அங்க தேயிலைக்கு மணம் குடுக்குது எண்டு பெரியப்பா ஒவ்வொரு வருசமும் புள்ளைகளுக்குச் சொல்லுவார், எனக்கும் கேட்டு அலுக்கிறல்ல.

அப்ப நுவரெலியாவா, பண்டாரவளைப் பக்கமா?

ஆகஸ்ட் எண்டா யோசிக்காம பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அந்த மாதத்தில தூறலும் பனிப்புகாரும் கூட, எங்கட கிழவிமாரை அங்க கொண்டு போய் வச்சா ரெண்டு நாளில போர்வைக்குள்ள இருந்து வெளிய வரமாட்டாங்க. பண்டாரவளை ஏறக்குறைய 1200 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஆறரை பாகை குறையும் எண்டு கணக்கு, அப்ப மட்டக்களப்பில 34 பாகை நிக்கிற நாளில அங்க 26, 27 தான், பகலில வெயில் காயலாம், ராவில ஸ்வெட்டர் போடலாம். புள்ளைகள் வெளிய ஓடி விளையாட இதுதான் நல்ல இடம். பதுளை டவுன் 700 மீட்டருக்கும் கீழதான், மதியத்தில அங்கயும் வெக்கை இருக்கும், பதுளையில வீடு எடுத்துட்டு குளிரல்ல எண்டு குறை சொல்றதில அர்த்தமில்ல.

எந்த ரோட்டால போறது? பஸ்ஸா வேனா?

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி ஆக்கள் செங்கலடியால திரும்பி கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. அந்த ரோடு பேராதனையில தொடங்கி செங்கலடியில முடியுற ஏ5. அம்பாறை ஆக்களுக்கு சியம்பலாண்டுவை, மொணராகலை வந்து அங்க இருந்து பசறைக்கு ஏறலாம், இல்லாட்டி வெல்லவாய போய் எல்ல ரோட்டால ஏறலாம். அக்கரைப்பற்று, பொத்துவில் ஆக்கள் லகுகலையால சியம்பலாண்டுவைக்கு வந்திடுவாங்க.

வயசான ஆக்களும் குழந்தைகளும் இருந்தா ஹயர் வேன்தான் நல்லம், எங்க வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம். விடிய வெளிக்கிடுங்க. மகாஓயாப் பக்கம் ராவில யானை ரோட்டுக்கு வரும், அது ஒரு காரணம், மலை ரோட்டில ராவில இறங்கக்கூடாது எண்டது அதைவிடப் பெரிய காரணம். 2021 மார்ச்சில பசறை 13ஆம் கட்டையில பஸ் பள்ளத்தில விழுந்ததும், 2025 செப்டெம்பரில எல்ல வெல்லவாய ரோட்டில ராவில பஸ் விழுந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதால ட்ரைவரைப் பிடிக்கக்குள்ள விலையை மட்டும் கேக்காதீங்க, மலை ரோட்டில ஓடிப் பழக்கமா, இறங்கக்குள்ள சின்ன கியர்ல வருவாரா, பிரேக் எப்ப பாத்தது எண்டு கேளுங்க. கேட்டா கோவிக்கிற ட்ரைவர் நமக்கு வேணாம். முதல் நாள் ராவு அவர் நல்லா நித்திரை கொண்டாரா எண்டும் பாருங்க.

நடுவில மகாஓயா வெந்நீர் ஊத்தில நிப்பாட்டினா புள்ளைகளுக்கு சந்தோசம், மண்ணுக்குள்ள இருந்து சுடுதண்ணி வாறதைப் பாத்து கேள்வி கேட்டே உங்களை முடிச்சிருவாங்க. பிபிலையில தோடம்பழம் பேர் போனது, காலம் சரியா இருந்தா வாங்குங்க.

வளைவு ரோட்டில புள்ளைகள் சத்தி எடுத்தா?

லுணுகலை தாண்டினா தொடங்கும். வெறும் வயித்தோடயும் ஏத்தாதீங்க, நிறையக் குடுத்தும் ஏத்தாதீங்க, ரெண்டு இடியப்பமோ ஒரு துண்டு பாணோ காணும். முன் சீட்டில இருத்தி தூரத்தைப் பாக்கச் சொல்லுங்க, ஃபோனைப் பறிச்சு வைங்க. இஞ்சித் துண்டு, தேசிக்காய் மணக்கக் குடுக்கிறது எங்கட அம்மம்மாட வைத்தியம், பாதி ஆக்களுக்கு சரிவரும். காது அடைச்சா எச்சில் முழுங்கச் சொல்லுங்க, கைக்குழந்தைக்கு பால் குடுத்தா சரி.

அம்மம்மாவுக்கு 80 தாண்டிட்டு, பிரஷரும் சீனியும் இருக்கு, கூட்டிட்டுப் போகலாமா?

கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. இந்தக் கேள்வியைக் கேக்கிற ஆக்களில பாதிப் பேர் உள்ளுக்குள்ள “அவவை விட்டுட்டுப் போனா லேசு” எண்டுதான் நினைக்கிறாங்க, அதை நான் ஒத்துக்க மாட்டன். அவங்க இல்லாம போனா அது நாலு குடும்பம் ஒரு ஹோட்டலில நிண்டது மாதிரித்தான் இருக்கும். அங்க ராவு ஆனா கரண்டையும் அணைச்சுட்டு அவ 78 சூறாவளிக் கதை சொல்லத் தொடங்குவா, நவம்பர் 23 ராவு கூரை போனது, தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது, விடிய வெளிய வந்து பாத்தா ஊரே தெரியல்ல எண்டு. ஊரில அதே கதையைக் கேக்க ஆருக்கும் நேரமில்ல, அங்க டியூஷனும் இல்ல, சீரியலும் இல்ல, எல்லாப் புள்ளைகளும் வாயைப் பொளந்துட்டு கேட்டுட்டு இருக்கும்.

மூச்சு முட்டுமா எண்டு பயப்பிடுறாங்க. மலை உயரத்தால வாற சுகமில்லாமை பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேலதான் வரும், நம்மட நாட்டில பிதுருதலாகல உச்சியே 2524 மீட்டர்தான், பண்டாரவளையில அதைப் பத்தி யோசிக்கத் தேவையில்ல. இழுப்பு இருக்கிற ஆக்களுக்குத்தான் ராக் குளிர் பிரச்சினை, இன்ஹேலரைத் தலைமாட்டில வைங்க, காதையும் நெஞ்சையும் மூடிப் படுக்கச் சொல்லுங்க. குளிசையை போற நாளைவிட ஒரு கிழமைக்குக் கூட கொண்டு போங்க, கிளினிக் கொப்பியும் வேணும். பதுளையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, தியத்தலாவையிலயும் ஆஸ்பத்திரி இருக்கு.

வீடு வாடகைக்கு எடுக்கக்குள்ள நான் முதல்ல கேக்கிறது ரெண்டே விசயம், வாசலுக்கு எத்தனை படி, கொமட் இருக்கா. மலையில வீடு எண்டா ரோட்டில இருந்து படி இறங்கியோ ஏறியோதான் போகணும், முழங்கால் நோகிற ஆக்களுக்கு அதுதான் பெரிய தண்டனை. வியூ எல்லாம் மறுகா பாப்பம்.

குளிருக்கு என்னென்ன உடுப்பு?

புதுசா வாங்கிக் காசழிக்கத் தேவையில்ல. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு சோடி சொக்ஸ், சின்னாக்களுக்கு தொப்பி, பெரியாக்களுக்கு சால்வை. கனடா ஆக்கள் வாறாங்க எண்டா பழைய ஜக்கெட் கொண்டு வரச் சொல்லுங்க. நுவரெலியா போற எண்ணம் இருந்தா அங்க பேல் பசாரில மலிவா வாங்கலாம், பேரம் பேசுங்க. உள்ளுடுப்பு கூடக் கொண்டு போங்க, அங்க தண்ணி குறைவு, அடிக்கடி துவைக்க ஏலாது.

ராவில அறைக்குள்ள தணல் வச்சு குளிர் காயலாமா?

கூடவே கூடாது. சிரட்டைக்கரியோ விறகோ, பூட்டின அறைக்குள்ள தணல் வச்சா மணமில்லாத நச்சு வாயு நிரம்பும், நித்திரையில இருக்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது, ஆளே போயிரும். நெருப்புக் காயணும் எண்டா முத்தத்தில மூட்டுங்க, படுக்க முதல் தண்ணி ஊத்தி அணைங்க. முத்தத்திலயும் காத்து அடிக்கிற ராவில வேணாம், ஊவாவில அந்த மாதங்களில மலைச் சரிவில நிக்கிற பத்தனைப் புல்லு முழுக்க காஞ்சு நிக்கும், ஒரு பொறி காணும் மலைச் சரிவே எரிய. சிகரெட் குடிக்கிற மச்சான்மாருக்கும் இதைச் சொல்லி வைங்க.

ஊரில இருந்து என்ன சாமான் கொண்டு போறது? அங்க சமையல் சரிவருமா?

தேங்காய் கட்டாயம், மூட்டையா. அங்க விலையும் கூட, சின்னதும். அரிசி நம்மட வயல் அரிசி. கருவாடு, மாசி, இடிச்ச தூள், புளி. மீன் எண்டா விடிய கல்லடியிலயோ கல்முனையிலயோ வாங்கி ஐஸ் பெட்டியில போட்டுப் போனா முதல் நாள் மதியத்துக்கு காணும், மறுகா கருவாடும் முட்டையும்தான். எருமைத்தயிர் ரெண்டு மூணு சட்டி கொண்டு போங்க, அங்க போய்ப் பால் உறைய வச்சா ராக் குளிரில உறையாது, கம்பளியால சுத்தி அடுப்புக்குப் பக்கத்தில வைக்கணும். தோசைமாவும் அப்பிடித்தான், ஊரில விடிய பொங்கி வழியுற மா அங்க போட்டது போட்டபடி கிடக்கும், முதல் நாள் மத்தியானமே அரைச்சு அடுப்படியில வைங்க.

சோறு, பருப்பு, கடலை எல்லாம் ஊரைவிட நேரம் எடுக்கும். உயரம் கூடக் கூட தண்ணி குறைஞ்ச சூட்டில கொதிக்கும், பண்டாரவளையில ஏறக்குறைய 96 பாகை, நுவரெலியாவில 94 பாகையிலயே கொதிச்சிரும், அதுக்கு மேல சூடு ஏறாது. கேஸ் சரியில்ல, அரிசி பழசு எண்டு குசினியில சண்டை பிடிக்காம ஒரு பிரஷர் குக்கர் கொண்டு போங்க.

தேங்காயெண்ணை விடிய கட்டியா வெள்ளையா நிக்கும், 24 பாகைக்குக் கீழ போனா அது உறையும், பழுதாகல்ல. எங்கட வீட்டில விடிய முதல் எழும்பிறது அம்மம்மாதான். எண்ணைப் போத்தலை முந்தானையால சுத்தி கையுக்குள்ள வச்சுட்டு அடுப்புக்கு முன்னால குந்துவா, போத்தல் ஓரத்தில எண்ணை உருகி ஒரு வளையமா இறங்கும், நடுவில வெள்ளைக்கட்டி மிதக்கும், அதைப் பாக்க ரெண்டு மூணு சின்னாக்கள் போர்வையோட வந்து அவட பக்கத்தில ஒட்டிட்டு இருக்கும். கெதியா உருக்கணும் எண்டா சுடுதண்ணிக் கோப்பையில வச்சாக் காணும், ஆனா அவ விடமாட்டா.

மரக்கறி அங்கயே வாங்குங்க. வெலிமடைக் கிழங்கு, கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் தோட்டத்தில புடுங்கின சூட்டில கிடைக்கும். லீக்ஸும் கூனி இறாலும் போட்டு ஒரு வறை வைப்பா சின்னம்மா, கூனி இறால் இஞ்ச இருந்து போகணும்.

அவ்வளவு பேருக்கும் ஆர் சமைக்கிறது?

இதைத்தான் எல்லாரும் கடைசியாக் கேக்கிறாங்க, முதல்ல கேக்க வேண்டியது இதுதான். ஒழுங்கு பண்ணாம போனா என்ன நடக்கும் எண்டு சொல்றன். ஆம்புளைகள் வெளிய கதிரையப் போட்டு 304 எண்ட கடதாசி விளையாடுவாங்க, புள்ளைகள் ஓடித் திரியும், அம்மாமாரும் மருமக்களும் விடிய அஞ்சு மணி தொடக்கம் ராப் பத்து மணி வரைக்கும் குசினிக்குள்ள, தேத்தண்ணி முடிய இடியப்பம், இடியப்பம் முடிய சோறு, சோறு முடிய திரும்பத் தேத்தண்ணி. ஊரில ஒரு வீட்டுக்கு சமைச்ச ஆள் அங்க போய் அஞ்சு வீட்டுக்கு சமைக்கிறா, குளிர்த் தண்ணியில கோப்பை கழுவுறா, அதுக்குப் பேர் லீவா?

எங்கட வீட்டில இப்ப முறை போட்டாச்சு. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தில ஆம்புளையும் சேர்ந்துதான் குசினிக்குள்ள நிக்கணும், மச்சான் சும்மா தேங்காய் துருவிக் குடுத்தேன் எண்டு சொல்லித் தப்ப ஏலாது. ராவுக்கு பாணும் சம்பலும், இல்லாட்டி ரொட்டி, மூணு கறி எல்லாம் மதியத்துக்கு மட்டும். கோப்பை கழுவுறது பத்து வயசுக்கு மேல பட்ட புள்ளைகள், பொடியனும்தான் பொட்டையும்தான். தொடக்கத்தில மாமாமார் ரெண்டு பேர் முகத்தைத் தூக்கி வச்சுட்டு இருந்தாங்க, இப்ப அவங்கட முறைக்கு என்ன கறி எண்டு ஒரு மாதத்துக்கு முதலே ஃபோன்ல சண்டை. காசு கொஞ்சம் இருந்தா அயலில உள்ள ஒரு அக்காவுக்கு நல்ல சம்பளம் குடுத்து ஒரு நேரச் சமையலை ஒப்படைக்கலாம், அவங்கட கையால அரைச்ச சம்பலும் ரொட்டியும் திண்டா நம்மட சமையல் மறந்திரும்.

அம்மா பக்கத்து ஆக்களை மட்டும் கூப்பிடுறதா, அப்பா பக்கமுமா?

எங்கட பக்கத்தில வீடு பொம்புளைப் புள்ளைக்குத்தான் போகும், குடியும் தாய் வழிதான், கலியாணம் கட்டின ஆம்புளை மனிசிட வளவுக்கு வந்திருவார். அதால சகோதரிமார் எல்லாரும் ஒரே வளவுக்குள்ளயோ ஒரே ஒழுங்கையிலயோ இருப்பாங்க, லீவுக்குப் போனாலும் அதே கூட்டம்தான், அவங்க ஊரிலயும் ஒவ்வொரு நாளும் ஒண்டாத்தானே இருக்கிறாங்க. மச்சான்மாரிட தாய்மாரை யோசிச்சுப் பாருங்க. மகன் மனிசி வீட்டுக்குப் போனாப் பிறகு அவர் தாயிட்ட வாறது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம், அதுவும் மோட்டர்சைக்கிளை ஓஃப் பண்ணாமக் கூட. அந்த மனிசிக்கு மகனோட ஒரு கிழமை ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற வாய்ப்பு இந்த லீவை விட்டா வேற எங்க? ஒவ்வொரு வருசமும் ஒரு மருமகன்ட தாயையாவது கூப்பிடுங்க, சும்மா வாயால இல்ல, வீட்டுக்குப் போய் வெத்திலை வச்சுக் கூப்பிடுங்க. “மாமி நீங்க வந்தாத்தான் போவம்” எண்டு மருமகள் சொல்லணும், மகன் சொன்னா அவங்க வரமாட்டாங்க.

எங்க படுக்கிறது? அறை காணாதே?

அறை வயசான ஆக்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும். மத்த எல்லாரும் ஹோலில பாய், பாய்க்குக் கீழ பழைய போர்வையோ ரெஜிஃபோமோ, சீமெந்துத் தரை குளிர் முதுகில ஏறும். புள்ளைகளுக்கு இதுதான் முழு லீவிலயும் பெரிய விசயம், ஆர் ஆருக்குப் பக்கத்தில எண்டு மத்தியானமே தொடங்கிருவாங்க. குறட்டை விடுற ஆக்களை ஒரு மூலைக்கு அனுப்புங்க.

காசு எப்பிடிப் பிரிக்கிறது?

உழைக்கிற ஆளுக்கு ஒரு பங்கு, தலைக்கு இல்ல. நாலு புள்ளை இருக்கிற தங்கச்சியிட்ட தலைக்கணக்கு கேட்டா அவ அடுத்த வருசம் ஏதாவது சாட்டு சொல்லி நிண்டிருவா. வெளிநாட்டு ஆக்கள் எல்லாத்தையும் நாங்களே போடுறம் எண்டு சொல்லுவாங்க, விடாதீங்க, வேன் காசை அவங்க பாக்கட்டும், மிச்சம் எல்லாரும். பெரியாக்களிட்ட வாங்குறல்ல. அவங்க புள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுக்கட்டும்.

சண்டை வராதா?

வரும். காணிக் கதை, சீதனக் கதை, ஆர் வீட்டுக்கு ஆர் வரல்ல எண்ட கதை மூண்டும் அந்த வீட்டு வாசலுக்கு உள்ள வரக்கூடாது எண்டு பெரியப்பா சொல்லி வச்சிருக்கார், தொடங்கினா அவர் எழும்பி வெளிய போயிருவார், அவர் போனா எல்லாரும் வாயை மூடிருவாங்க. உங்கட குடும்பத்திலயும் அப்பிடி ஒரு ஆளிட மரியாதையைப் பிடிச்சுக்கங்க. பரீட்சை ரிசல்ட் கதையையும் நான் இதோட சேர்ப்பன், மச்சாள்ட மகள் எத்தனை ஏ எண்டு அங்க வச்சுக் கேக்காதீங்க.

வெளிநாட்டில இருந்து வாற புள்ளைகள் ஒட்டுமா?

அவங்களுக்கு சமர் லீவு யூலை ஆகஸ்ட், அதால திகதி பொருந்தும். முதல் ரெண்டு நாள் தாய்ட சட்டையைப் பிடிச்சுட்டு நிக்கும், வைஃபை கேக்கும். பாஷை தெரியாம விளையாடக்கூடிய விளையாட்டைக் குடுங்க, கொக்கான், கரம், கிளித்தட்டு, காத்து நல்லா இருக்கிறதால பட்டம். 304 கொஞ்சம் பெரிய புள்ளைகளுக்கு, துரும்பு எண்டா என்ன எண்டு விளங்கினாப் பிறகு இங்கிலீசும் தேவையில்ல தமிழும் தேவையில்ல. ஊரில வச்சு ஒட்டாத புள்ளைகள் அங்க ஒட்டும், ஊரில இந்த வெக்கையில அவங்களுக்கு எரிச்சல்தான் வரும், ஒவ்வொரு வீடா பலகாரம் திங்கக் கூட்டிட்டுப் போறம், அங்க ஆருக்கும் அந்தக் கடமை இல்ல.

சுத்திப் பாக்க எங்க போகலாம்?

ஒவ்வொரு நாளும் வேன்ல ஏத்தாதீங்க, ஒரு நாள் போனா ஒரு நாள் வீட்டில இருங்க. எனக்கு விருப்பம் ரயில்தான். பண்டாரவளையில ஏறி எல்ல தாண்டி தெமோதரை, பதுளை வரைக்கும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில ஒன்பது வளைவுப் பாலம், 1921இல முடிச்சது, இரும்பில்லாம கல்லும் செங்கலும் சீமெந்தும். தெமோதரையில லைன் ஒரு வட்டம் அடிச்சு, ஸ்டேஷனுக்கு நேர கீழ உள்ள சுரங்கத்துக்குள்ளால வரும், புள்ளைகளுக்கு முதலே படம் கீறிக் காட்டினா நல்லா ரசிப்பாங்க. 1924இல பதுளைக்கு வந்த லைன் இது. 2025 நவம்பர் டித்வா புயலில மலைநாட்டு லைனும் ரோடும் பல இடத்தில உடைஞ்சது, அதால போக முதல் ஸ்டேஷனுக்கு கோல் எடுத்து எதுவரை ஓடுது எண்டு கேளுங்க. வாசலில தொங்கி செல்ஃபி எடுக்கிறதை ஒரு பெரியாள் நிண்டு தடுக்கணும்.

அப்புத்தளைக்கு மேல லிப்டன் சீட்டுக்கு விடிய போங்க, ஒன்பது பத்து மணிக்கு மேல முகில் மூடினா ஒண்டும் தெரியாது. வழியில தம்பேதன்னை தேயிலை ஃபெக்டரி, 1890இல லிப்டன் கட்டினது. சீதாஎலிய சீதை அம்மன் கோயிலுக்கும் ஹக்கலை பூந்தோட்டத்துக்கும் ஒரே நாளில போயிட்டு வரலாம், அந்தத் தோட்டம் 1861இல மலேரியா மருந்துக்கு சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கினது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீட்டர், நல்ல வடிவு, ஆனா இறங்கி நடக்கணும், கிழவிமாரை விட்டுட்டுத்தான் போகணும், அதால அதை நான் கடைசியில போடுறன்.

தண்ணி காணுமா?

கவனம். ஆகஸ்ட் ஊவாவில வரட்சிக் காலம், ஊத்துத் தண்ணி குறையும். உமா ஓயாத் தண்ணித் திட்டத்துக்கு சுரங்கம் தோண்டின காலத்தில பண்டாரவளைப் பக்கம் கனபேரிட கிணறு வத்தினது எல்லாருக்கும் தெரியும். டேங்க் எத்தனை லீட்டர், பைப் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா எண்டு வீட்டுக்காரரிட்ட கேளுங்க. நம்ம ஆக்கள் கிணத்தடியில வாளி வாளியா அள்ளி ஊத்திக் குளிச்சுப் பழகினவங்க, அங்க அப்பிடி ஊத்தினா பக்கத்தில தோட்டத்து ஆக்கள் இருக்கிற லயத்துக்கு வாற தண்ணிதான் குறையும்.

தோட்டத்து ஆக்களோட எப்பிடிப் பழகுறது?

அயலில உள்ள மனிசரோட எப்பிடிப் பழகுவீங்களோ அப்பிடித்தான். கொழுந்து எடுக்கிற அக்காமாரைக் கேக்காம படம் எடுக்காதீங்க, அவங்க வேலை செய்றாங்க, ஒரு நாள் நிறை குறைஞ்சா சம்பளம் குறையும், நிப்பாட்டி போஸ் குடுக்கச் சொல்லாதீங்க. தேயிலைப் பாத்திக்குள்ள புள்ளைகளை ஓட விடாதீங்க. எங்கட வீட்டைப் பாக்கிற ஐயாட குடும்பம் தோட்டத்து லயத்திலதான் இருக்கு, போற முதல் நாளே கருவாடும் தயிரும் அவங்க வீட்டுக்குப் போகும், அவங்கட மாவிளக்கு பூசைக்கு நாங்க போவம். அவங்கட பேரனும் எங்கட புள்ளைகளும் சேர்ந்துதான் பட்டம் கட்டுறாங்க.

எத்தனை நாள் போறது, கோயில் திருவிழா, வேளாண்மை வெட்டு எல்லாம் குறுக்க வருமே?

ஒரு கிழமைக்குக் குறைய போனா மூட்டை கட்டுறதும் அவிழ்க்கிறதும்தான் மிச்சம், பத்து நாள் நல்லம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில தீர்த்தம் ஆடாம எங்கட அம்மா எங்கயும் வரமாட்டா, கதிர்காமம் நடந்து போற ஆக்களும் வந்து காலாறணும், ஆவணியில மண்டூர் திருவிழா. அதால பஞ்சாங்கத்தையும் பள்ளிக்கூட லீவுத் திகதியையும் பக்கத்தில வச்சுட்டுத்தான் நாள் குறிக்கிறது. சிறுபோகம் செய்ற வீடு எண்டா உன்னிச்சைக் குளத்துத் தண்ணியில விளைஞ்சது அந்த நேரம்தான் வெட்டுக்கு வரும், மெஷின்காரன் வாற நாள் நம்மட கையில இல்ல. சின்னம்மாட மனிசன் வெட்டு முடிச்சுட்டு பிந்தி பஸ்ஸில வருவார், பதுளை பஸ்ஸ்டாண்டுக்கு அவரைக் கூட்டப் போறதுக்கே புள்ளைகள் அடிபடும். எல்லாரும் ஒரே நாளில வரணும், ஒரே நாளில போகணும் எண்டு நெருக்கிப் பிடிக்காதீங்க.

ஆகஸ்ட் தவறிட்டு, டிசம்பர் லீவுக்குப் போகலாமா?

நான் போகமாட்டன், புள்ளைகளோட ஒருநாளும் போகமாட்டன். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் வடகீழ் மழை நமக்கும் ஊவாவுக்கும் ஒண்டா வரும், மண் ஊறி நிக்கும். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில லயம் மண்ணுக்குள்ள போனதும் அந்தக் காலத்திலதான், டித்வாவில பதுளை மாவட்டத்தில நடந்ததும் அந்தக் காலத்திலதான். கட்டாயம் போக வேண்டி வந்தா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுற மண்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு நாளும் பாருங்க, மஞ்சள் எண்டா விழிப்பா இருக்கச் சொல்றது, செம்மஞ்சள் எண்டா வெளிக்கிட ஆயத்தமா இருக்கணும், சிவப்பு எண்டா அந்த நேரமே அங்கால போகணும், வேனுக்காகப் பாத்துட்டு நிக்கக்கூடாது. சுவரில புதுசா வெடிப்பு, கதவு திடீரெண்டு இறுகிறது, மரமோ லைட் போஸ்டோ சரியுறது, ஊத்துத் தண்ணி கலங்கி வாறது இதில ஒண்டைக் கண்டாலும் எச்சரிக்கை வரட்டும் எண்டு பாக்காம எழும்புங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்து நம்பர் 117, எல்லாருட ஃபோனிலயும் போட்டு வைங்க.